அஸ்திவாரம் அசைந்த வீடு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து விலைக்கும்

அஸ்திவாரக் கோளாறு உள்ள வீடு விலைக்கு வரும்போது, 'விரிசலைக் காட்டியே நன்றாகக் குறைத்துப் பேசலாம்' என்றுதான் தரகர் தொடங்குவார். விலை குறைய வேண்டும் என்பது சரிதான். ஆனால் எவ்வளவு குறைய வேண்டும் என்பதை விரிசலின் நீளமோ அகலமோ தீர்மானிப்பதில்லை. சுவர் ஏன் அசைந்தது, அந்த அசைவு ஓய்ந்துவிட்டதா, ஓயவில்லை என்றால் அதை நிறுத்த வழி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையே அதைத் தீர்மானிக்கிறது. விடை தெரியாத நிலையில் அந்த வீட்டை வெறும் மனையாக மட்டுமே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. சென்னையிலும் தென்மாவட்டக் கரிசல் வட்டாரங்களிலும் பழைய தனி வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணுபவர்கள், கட்டமைப்புப் பொறியாளரை அழைப்பதற்கு முன் தாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

பார்க்கப் போகும் முன்

தூக்குக்குண்டு, ரசமட்டம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), டேப், டார்ச், பென்சில் ஆகியவை போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அது சுமைதாங்கு சுவரில் நிற்கும் வீடா, காலம் (கான்கிரீட் தூண்), பீம் (உத்திரம்) போட்டுக் கட்டிய வீடா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே விரிசல் இந்த இரண்டிலும் இரு வேறு பொருள் தரும். கருங்கல் கட்டு அஸ்திவாரத்தின் மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பிய பழைய வீட்டில் சுவரே சுமையைத் தாங்குகிறது. காலம் போட்ட வீட்டில் சுவர் வெறும் தடுப்புதான்.

அடுத்தது மண். சென்னையின் பெரும்பகுதி களிமண் நிலம். கடற்கரையையும் ஆற்றங்கரையையும் ஒட்டி மணல். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. இதற்கு மேல், தூர்த்த ஏரிகள் என்ற தனிக் கணக்கும் உண்டு. தியாகராய நகர் 1920-களில் பழைய நெடிய ஏரியின் படுகையில் உருவானது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் பழைய நீர்நிலைகளைப் பெயரளவில் இன்னும் நினைவூட்டுகின்றன. இந்த இடங்களில் உள்ள வீடெல்லாம் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. நூறாண்டுக் காலத்தில் அமுங்க வேண்டிய மண் பெரும்பாலும் அமுங்கியிருக்கும். கவலைப்பட வேண்டியது, அண்மையில் கிராவலோ கட்டட இடிபாடோ கொட்டி மேடாக்கிய புறநகர் மனைகளைப் பற்றித்தான். வருவாய்த் துறையின் புலப்பட வரைபடத்தையும் (நில எல்லைகளைக் காட்டுவது) 'அ' பதிவேட்டையும் (நில வகையைச் சொல்வது) எடுத்து, அந்த சர்வே எண் முன்பு நஞ்சையாக இருந்ததா, பக்கத்துப் புல எண் ஏரியோ வாய்க்காலோ என்று பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வில்லங்கச் சான்று பார்க்க மறக்காதவர்கள் பலரும் இதைப் பார்ப்பதில்லை.

அறிகுறி: ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஏறும் சாய்வு விரிசல்

சுமைதாங்கு சுவரில் செங்கல் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறும் விரிசல்தான் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதற்கான பொதுவான அடையாளம். எந்தப் பக்கம் இறங்கியது என்பதை விரிசலே சொல்லிவிடும். விரிசலுக்குச் செங்குத்தாக மனத்தில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் கீழ்முனை பெரும்பாலும் இறங்கிய பகுதியை நோக்கியே இருக்கும். விரிசல் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் வீட்டின் ஓரம் இறங்கியிருக்கலாம். கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கலாம்.

அகலத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனின் பில்டிங் ரிசர்ச் எஸ்டாபிளிஷ்மென்ட் வகுத்த அளவுகோலைப் பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசலைப் பெரும்பாலும் அடைத்துப் பூசிச் சரிசெய்துவிடலாம். 5 முதல் 15 வரை என்றால் சுவரைத் திறந்து வேலை செய்ய வேண்டும். 15 முதல் 25 வரை என்றால் சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்ட வேண்டும். 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைத்தன்மையே கேள்விக்குரியது. ஆனால் இது நடந்த சேதத்தின் அளவுதானே தவிர, இனி நடக்கப்போவதன் அளவு அல்ல. பத்தாண்டுகளாக அசையாத 8 மில்லிமீட்டர் விரிசலைவிட, சென்ற மழைக்குப் பின் தோன்றி வளர்ந்துகொண்டிருக்கும் 2 மில்லிமீட்டர் விரிசல்தான் முதலீட்டாளருக்கு ஆபத்தானது.

பழைய விரிசலா புதிய விரிசலா என்பதை டார்ச் வெளிச்சத்தில் கண்டுகொள்ளலாம். பழையதென்றால் உள்ளே தூசும் நூலாம்படையும் படிந்திருக்கும், முந்தைய சுண்ணாம்போ பெயின்டோ உட்புறம் வழிந்து காய்ந்திருக்கும். புதியதென்றால் ஓரங்கள் கூராகவும் செங்கல்லின் உட்பக்கம் அறுத்தது போல் சிவப்பாகவும் இருக்கும். பட்டி வைத்து அடைத்த கோட்டின் நடுவிலேயே மயிரிழை போல மறுபடி ஒரு பிளவு ஓடினால், அடைத்த பிறகும் சுவர் அசைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பிறகு, இறங்கிய மூலைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அந்த மூலையின் அடியிலேயே கொட்டுகிறதா, போர்டிகோவுக்குக் கீழே உள்ள சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கசிகிறதா, செப்டிக் டேங்கோ கழிவுநீர்ச் சேம்பரோ சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்ப்பை நிரப்பி, மோட்டாரையும் வால்வுகளையும் மூடி, நீர்மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு மறுநாள் காலை பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். பக்கத்து மனையில் அண்மையில் பேஸ்மென்ட் தோண்டினார்களா என்பதையும் தெருவில் விசாரிக்க வேண்டும்.

உரிமையாளர் சம்மதித்தால், அந்த மூலையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழியை அஸ்திவாரத்தின் அடி தெரியும் வரை தோண்டிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. கருங்கல் இடுக்குகளில் விரலை விட்டால் கலவை மாவாக உதிர்கிறதா, கல்லுக்குக் கீழே மண் அரித்துப் பொந்தாகிவிட்டதா, ஒரு பக்க மண் மட்டும் கறுத்துச் சொதசொதவென்று சாக்கடை வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இயற்கை மண்ணுக்குக் கீழே குறைந்தது 50 சென்டிமீட்டர் ஆழத்துக்காவது அஸ்திவாரம் இறங்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1904 கூறுகிறது. மேடாக்கிய மனைகளில் அஸ்திவாரம் கொட்டிய மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டிருப்பதைக் குழியில் நேரடியாகக் காணலாம்.

நீர்க் கசிவுதான் காரணம் என்று உறுதியானால், முதலீட்டாளருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. குழாயைத் திருப்பி, சம்ப்பைச் சீர்செய்து, அரித்த இடத்தில் கான்கிரீட் கொடுத்துத் தாங்கி, ஒரு பருவம் பொறுத்திருந்து, விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துச் சுவரைத் தைத்துவிடலாம். கொட்டிய மண் அமுங்குவதுதான் காரணம் என்றால், பகுதி பகுதியாகத் தோண்டி அஸ்திவாரத்தை ஆழப்படுத்தவோ மைக்ரோ பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் மெல்லிய தூண்) இறக்கவோ நேரும். அந்தச் செலவை மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எவராலும் நம்பகமாகச் சொல்ல முடியாது.

அறிகுறி: காலமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோட்டு விரிசல், மேல்தளக் கூரைக்குக் கீழே கிடைமட்ட விரிசல்

இவை பெரும்பாலும் அஸ்திவாரக் கோளாறே அல்ல. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருபவை. இவற்றைக் கண்டு மிரண்டு மற்றவர்கள் விலகிப் போன வீடுதான் உண்மையில் நல்ல வாய்ப்பு.

அறிகுறி: சுவர் நேராக இருக்கிறது, தரை மட்டும் இறங்கியிருக்கிறது

ஸ்கர்ட்டிங்குக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளி தெரியும். குதிகாலால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். கோலிக்குண்டை விட்டால் அறையின் நடுவுக்கு ஓடும். பேஸ்மட்டத்துக்குள் (வீட்டுத் தளத்துக்கு அடியில்) கொட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக்காமல் தளம் போட்டதாலோ, எலி வளையாலோ, குளியலறைக் குழாய்க் கசிவாலோ இது நேர்ந்திருக்கும். தரையைப் பெயர்த்து, மண்ணை அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டித்து, புதிதாகத் தளம் போடுவது கொத்தனார் வேலைதான். பார்வைக்கு அச்சமூட்டினாலும் செலவு வரம்புக்குள் நிற்கும்.

அறிகுறி: தரை நடுவில் மேடாகிறது, கோடையில் திறக்கும் விரிசல் மழையில் மூடிக்கொள்கிறது

இது கரிசல் மண்ணின் கையெழுத்து. கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர் வட்டாரங்களிலும் கோயம்புத்தூரின் சில பகுதிகளிலும் இதைப் பார்க்கலாம். அந்த மண்ணில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீட்டின் நடுவே தளத்துக்குக் கீழ் உள்ள மண்ணில் ஈரம் நிலைத்து நிற்க, வெளிச்சுவர் ஓரத்து மண் மட்டும் கோடையில் காய்ந்து சுருங்குவதால், ஓரங்கள் இறங்கி நடுப்பகுதி மேடாவது போலாகிறது. சுவரை ஒட்டி வேப்ப மரமோ புங்க மரமோ இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் வேகமாகக் காயும். விந்தை என்னவென்றால், பளு குறைந்த காம்பவுண்டு சுவரும் ஒற்றைத் தள வீடும்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. ஊதும் மண்ணை அழுத்திப் பிடிக்கும் எடை அவற்றுக்கு இல்லை.

மண் எந்த அளவுக்கு ஊதும் என்பதை ஆய்வகத்தில் எளிய சோதனையிலேயே கண்டறியலாம். தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் ஊறவைத்த மண்ணின் கனஅளவை ஒப்பிட்டுச் சொல்லும் வீக்கக் குறியீடு 50 சதவீதத்துக்கு மேல் போனால் அது மிக அதிகமாக ஊதும் மண். இத்தகைய மண்ணுக்கென ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதுதான் அடியில் குமிழ் போல் அகன்ற அண்டர்ரீம்டு பைல். பழைய வீட்டில் அது பெரும்பாலும் இருக்காது. கட்டி முடித்த வீட்டுக்கு அதைச் சேர்ப்பது செலவும் சிரமமும் பிடித்த வேலை. வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் நீர்புகாத நடைதளம் அமைத்து, கூரைத் தண்ணீரைத் தூரத்தில் விட்டு, ஈரத்தை ஒரே சீராக வைத்திருந்தால் அசைவு குறையும். முற்றிலும் நிற்கும் என்று உறுதி கூற முடியாது. ஆகவே கரிசல் வீட்டை வாங்கி உடனே விற்கும் திட்டம் எனக்கு உடன்பாடில்லை. ஏப்ரலில் அடைத்த விரிசல் மறு ஏப்ரலில், வேறொருவர் கையில், மீண்டும் திறக்கும். ஆண்டுக்கொரு முறை பூச்சு வேலையை ஏற்றுக்கொண்டு வாடகைக்கு விடலாம், அல்லது மனை விலைக்கு வாங்கிப் பைல் போட்டுப் புதிதாகக் கட்டலாம்.

அறிகுறி: போர்டிகோவோ மாடிப்படியோ வீட்டை விட்டு விலகி நிற்கிறது

பிற்பாடு சேர்த்த பகுதிக்கு ஆழமில்லாத கடைக்கால் (அஸ்திவாரம்) போட்டதன் விளைவு இது. பழைய பகுதியில் விரிசல் இல்லை என்றால், கோளாறு அந்தச் சேர்க்கையோடு முடிந்துவிட்டது; பிரித்துவிட்டு இணைப்பில் முறையான இடைவெளி கொடுத்துக் கட்டினால் போதும். இங்கே பொறியியலைவிடக் காகிதம்தான் முக்கியம். அந்தச் சேர்க்கையும், அதைவிட ஆபத்தான, சுமைதாங்கு சுவரின் மேல் பின்னாளில் எழுப்பிய முதல் தளமும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தில் இரண்டு தளமும் மேல்நிலைத் தொட்டியும் ஏறியிருந்தால், அடுத்து வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகும்.

அறிகுறி: காலத்தின் அடிப்பகுதியில் கம்பி வாக்கில் விரிசல், துருக் கறை

இது மண் இறங்கியதல்ல. கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடற்கரை ஓரத்திலும், உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடுகளிலும் காணலாம். காரத்தன்மையைக் காட்டும் ஃபீனால்ப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் கான்கிரீட் தன் காரத்தன்மையை இழந்துவிட்டது, கம்பிக்குப் பாதுகாப்பில்லை. தரைக்கு மேலேயே இந்த நிலை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஃபூட்டிங்கில் (மண்ணுக்குள் உள்ள காலத்தின் அடிப்பாதத்தில்) என்ன நிலை என்று தோண்டாமல் சொல்ல முடியாது. எல்லா காலங்களிலும் இந்த அடையாளம் இருந்தால், மேலே படிக்காமல் மனை விலைக் கணக்குக்குப் போய்விடலாம்.

அறிகுறி: விரிசலே இல்லை, ஆனால் வீடு சாய்ந்திருக்கிறது

கதவு தானாகத் திறந்துகொள்ளும். மழைநீர் மொட்டைமாடியின் தவறான மூலையில் தேங்கும். டியூப் லெவலை வைத்து நான்கு மூலைகளிலும் சன்ஷேடின் அடிமட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் சாய்வின் அளவு தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பின், சாலை மட்டத்துக்குக் கீழே போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குவது பரவலாகிவிட்டது. தூக்கிய வீடு தண்ணீரிலிருந்து தப்பும். ஆனால் அதற்குக் கீழே இருப்பது அதே பழைய அஸ்திவாரமும் அதே மண்ணும்தான். இடையில் புதிதாகக் கட்டிய பகுதி பழைய கட்டோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதற்குப் படமோ ஒப்பந்தமோ இருந்தால் கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: எந்த அறிகுறியும் இல்லை

எல்லா அறைகளிலும் பழைய மொசைக், ஓர் அறையில் மட்டும் புது டைல்ஸ். மூன்று சுவரில் மங்கிய டிஸ்டம்பர், ஒரு சுவரில் மட்டும் புது பெயின்ட் என்றால் அங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். பெயின்ட் மறைக்க முடியாத இடங்கள் சில உண்டு. பரணின் உட்புறம், அலமாரிக்குள், மின் மீட்டர் பலகைக்குப் பின்னால், காம்பவுண்டு சுவர், கதவு நிலை ஆகியவை அவை. நிலையின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாமல், நிலைக்கும் சுவருக்கும் நடுவே புதுப்பூச்சும் இருந்தால் சுவர் அசைந்திருக்கக்கூடும். மரக்கதவு மழைக்காலத்தில் பிடிப்பது மரம் ஊதியதாலும் இருக்கலாம். யுபிவிசி (பிளாஸ்டிக்) கதவு பிடித்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

காரணத்தை விலையாக்குவது

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். குறையில்லாத அதே மாதிரி வீடு 85 லட்சம் ரூபாய்க்குப் போகிறது. அதில் மனையின் மதிப்பு மட்டும் 60 லட்சம். காரணம் தெளிவாகாத, மண் சார்ந்த கோளாறு என்றால், 8 லட்சம் என்று கொடுத்த சீரமைப்பு மதிப்பீட்டை நான் 12 லட்சமாகத்தான் எழுதுவேன். விற்கும்போது 'அஸ்திவாரம் பார்த்த வீடு' என்ற பெயருக்காக 4 லட்சம், அரசின் வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்று கொண்டு அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து ஏறக்குறைய 5.5 லட்சம், ஒரு மழைக்காலம் முடியும் வரை முடங்கும் பணத்துக்கு வட்டி 4 லட்சம், நம் லாபம் 8.5 லட்சம். இவற்றைக் கழித்தால் 51 லட்சம் வருகிறது. மனை விலையே 60 லட்சம் என்னும்போது எந்த உரிமையாளரும் 51-க்குத் தர மாட்டார். கசிந்த சம்ப்தான் காரணம் என்று உறுதியான வீட்டுக்கோ, சீரமைப்பு 3, முத்திரைத் தீர்வையும் பதிவும் 5.9, வட்டி 1.5, லாபம் 8.5 எனக் கழித்து 66 லட்சம் வரை கொடுக்கலாம். நிலத்தின் பங்கு இவ்வளவு பெரிதாக உள்ள நம் நகரங்களில், உண்மையான அஸ்திவாரக் கோளாற்றை வாங்கிச் சரிசெய்து லாபம் பார்ப்பது அரிது. மற்றவர்கள் தவறாகப் படித்த அறிகுறியில்தான் லாபம் இருக்கிறது.

ஒருவேளை 51-க்குக் கிடைத்துவிட்டாலும் கணக்கு அத்தோடு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை, கொடுத்த விலைக்கும் அரசின் வழிகாட்டி மதிப்புப்படி வரும் தொகைக்கும் எது அதிகமோ அதன் மீது கணக்கிடப்படும். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றிருக்கும் இடத்தில் 51-க்கு வாங்கினால், வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டுவதால் அந்த 9 லட்சத்தை வாங்கியவரின் வருமானமாகவே வருமான வரிச் சட்டம் கருதும். கட்டடத்தின் நிலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையாகவும் தேதியிட்ட படங்களாகவும் முன்பே வைத்திருந்தால்தான், பின்னர் மதிப்பை எதிர்த்து வாதாட இடமிருக்கும்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடுவதும் வீண். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி நிலம் உள்வாங்குவதால் வரும் சேதத்தை ஏற்றாலும், கொட்டிய மண் அமுங்குவதையும் குறைபாடுள்ள வடிவமைப்பையும் விலக்கிவிடுகிறது. சட்டமும் கண்ணுக்குத் தெரிந்த விரிசலுக்குத் துணை வராது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாத குறையைத்தான் விற்பவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் ஐந்தாண்டுக் கட்டமைப்புப் பொறுப்பு கட்டுமான நிறுவனம் விற்ற திட்டங்களுக்கு உரியது. தனியாரிடமிருந்து வாங்கும் பழைய வீட்டுக்கு அது பொருந்தாது.

எனவே விலை பேசி முடிந்தாலும் கிரயத்துக்கு அவசரப்பட வேண்டாம். களிமண் மிகவும் சுருங்கியிருக்கும் மே, ஜூன் மாதங்களில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த நவம்பரில் ஒருமுறையும் விரிசலை அளக்க வாய்ப்புத் தரும் காலக்கெடுவோடு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை இரு முனையிலும் கலவை வைத்து ஒட்டி, அருகில் தேதியையும், விரிசலின் நுனிகளில் பென்சில் கோட்டையும் உரிமையாளர் முன்னிலையிலேயே இட வேண்டும். கண்ணாடி உடைந்தாலோ, மண் பரிசோதனையில் பைல் தேவை என்று வந்தாலோ, முன்பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட வேண்டும். விற்பவர் இதற்கு இணங்க மறுத்தால், பேரத்தை மனை விலையிலிருந்து இடிப்புச் செலவைக் கழித்த தொகையில் மறுபடி தொடங்கலாம்.